முக்காக்கிலோ

பழைய இரும்புக் கடைக்காரருக்கு 'முக்காக்கிலோ' என்று பட்டப்பெயர். யார் ஒரு கிலோ இரும்பு கொண்டுவந்தாலும் அவர் கையால் நிறுத்தால் அது முக்கால் கிலோதான். "அடுத்தவங்க வயித்தெரிச்சல் நமக்கெதுக்குங்க?" என்று மனைவி காலமெல்லாம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். கடைசியில் அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று சொன்னபோது அந்த வயிற்றெரிச்சல்தான் அவள் நினைவுக்கு வந்தது. சீ, என்ன ஜென்மம் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கஞ்சிகூட இறங்கவில்லை. மனுஷன் துரும்பாய்ப் போனார். "ஆபரேஷனுக்கு முன்னாடி எடை இதுக்குமேல இறங்கவே கூடாதும்மா. உடம்பு தாங்காது" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து தினமும் காலையில் கடைத் தராசில் அவரை நிறுத்திப் பார்ப்பதே அவளுக்கு வேலை. இன்று ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள், பார்த்தால் இரண்டு கிலோ குறைகிறது. ஆபரேஷன் இல்லையென்றால் மனுஷனே இல்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கிலோ எடைக்கற்கள் இரண்டை எடுத்து, குளிர் தாங்காமல் அவர் போட்டுக்கொள்ளும் கோட்டின் உள்பைகளில் போட்டாள். மாட்டிவிட்டபோது அவர் கையை நீட்டிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரி எடைமேடையில் எண் சரியாக வந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஐயா, கையை மார்புல கட்டிக்கிட்டு, எதையும் பிடிக்காம நாற்காலியிலேருந்து எந்திரிங்க பாக்கலாம்" என்றாள் டாக்டரம்மா.

போன முறை இப்படி ஒரு சோதனை இல்லை. அவர் எழப் பார்த்தார். பாதியில் கோட்டு இழுத்தது. பொத்தென்று உட்கார்ந்தார். இன்னொரு தடவையும் அப்படியே.

"எடை சரியா இருக்கும்மா, ஆனா தெம்பு இல்லையே. இந்த நிலைமையில..."

"ஐயோ, அவருக்குத் தெம்பு இருக்கு டாக்டரம்மா! கல்லுதான் இழுக்குது!" கோட்டுக்குள் கைவிட்டு இரண்டு கற்களையும் மேஜைமேல் வைத்தாள். "பாவி நான்தான் வச்சேன். இப்பப் பாருங்க, எந்திரிப்பாரு."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கடைக்காரர் எழவில்லை. மனைவியைப் பார்த்தார். பேண்ட் பைக்குள் கையை விட்டு அரைக்கிலோ கல் ஒன்றை எடுத்து அவளுடைய கற்களுக்குப் பக்கத்தில் வைத்தார். மறு பையிலிருந்து இன்னொன்று.

"நீங்களுமா? டாக்டரம்மாவை ஏமாத்தவா?"

"அவங்களுக்கில்ல." காற்றுதான் வந்தது, குரல் இல்லை. "உனக்கு. தராசைப் பாத்துப் பாத்து அழறியே... ஒரு மாசமா."

கண் பார்க்கிற தூரத்தில் அவரை வைத்துக்கொண்டு தராசின் எண்ணை மட்டுமே ஒரு மாதம் பார்த்திருக்கிறாள். ஊருக்கெல்லாம் குறைத்துப் போட்ட மனுஷன், அவளுக்கு மட்டும் கூட்டிப் போட்டிருக்கிறார்.

பிறகு அவர் கையைக் கட்டிக்கொண்டார். இப்போது உடம்பில் ஒரு கல்லும் இல்லை. முன்னால் சாய்ந்து உந்தினார். அவளுடைய கால்களும் சேர்ந்து முறுக்கிக்கொண்டன. நாற்காலியை விட்டு ஒரு சாண்கூட எழ முடியவில்லை.

"மூக்கு வழியா குழாய் வச்சு முதல்ல சாப்பாடு கொடுப்போம். ஆபரேஷன் அப்புறம் பாக்கலாம்" என்றாள் டாக்டரம்மா. அந்தப் 'பாக்கலாம்' அவளுக்குப் புரிந்தது.

நர்ஸ் மறுபடியும் எடை பார்க்கக் கூப்பிட்டாள். அவரைக் கைத்தாங்கலாக மேடையில் ஏற்றிவிட்டு, அவள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.