சிவப்பு மூடி, நீல மூடி

எங்கள் வகுப்பில் அவளுக்கு மகாராணி என்று பட்டப்பெயர். பின்னாலிருந்து எத்தனை முறை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். நாலு வயதில் அவ்வளவு பிடிவாதம். சில நாள் டீச்சரான எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

"சாயங்காலம் அவ அப்பா வர்றாரு. வேற ஸ்கூல் பாத்துக்கச் சொல்லிடலாம்" என்றார் தலைமை ஆசிரியை.

"காதுல ஏதாவது கோளாறு இருக்குமோ, மேடம்?"

"அவளுக்கா? பாம்புச் செவி! ஒலிப்பெட்டியில ஒரு தடவையாவது தப்பா வெச்சிருக்காளா?"

அவர் சொன்னது உண்மைதான். ஒலிப்பெட்டியில் சிவப்பு மூடி போட்ட மரக் குப்பிகள் ஆறு, நீல மூடி போட்டவை ஆறு. உள்ளே மணல், அரிசி, கூழாங்கல் என்று என்னென்னவோ. குலுக்கிக் கேட்டு, ஒரே சத்தம் வருவதை ஜோடி சேர்க்க வேண்டும். ஜோடிக் குப்பிகளின் அடியில் ஒரே வண்ணப் புள்ளி இருக்கும். சரியா தப்பா என்று குழந்தையே திருப்பிப் பார்த்துக்கொள்ளும். நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது. பெட்டி சரி என்று சொல்லிவிட்டால் எங்களுக்கு அதற்கு மேல் பேச்சே கிடையாது.

அன்று மத்தியானம் அவள் பாயை விரித்து ஒலிப்பெட்டியையே எடுத்து வைத்தாள். வழக்கமாக நான் புள்ளிகளைத்தான் பார்ப்பேன். அன்றைக்கு என்னவோ அவள் கையைப் பார்த்தேன். குப்பி காதுப் பக்கமே போகவில்லை. தாடை எலும்பில் அழுத்தி வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் குலுக்கினாள். பிறகு அடுத்ததை எடுத்து அதே இடத்தில் வைத்தாள்.

இது என்ன கூத்து? வாயைத் திறக்கக் கூடாதென்ற விதியாவது மண்ணாவது என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நீலக் குப்பி ஒன்றை அவள் காதோரம் குலுக்கினேன்.

"இதோட ஜோடி எது, கண்ணு?"

என் முகத்தையே பார்த்தாள். இன்னும் பலமாகக் குலுக்கினேன். பக்கத்துப் பாயில் இருந்தவள்கூட நிமிர்ந்து பார்த்தாள். இவள் கண்கூட இமைக்கவில்லை.

மகாராணிக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது போல. குப்பியை என் கையிலிருந்து வாங்கினாள்.

"அங்க வெச்சா கேக்காது டீச்சர்" என்று சொல்லி, என் தாடையில் அழுத்திக் குலுக்கினாள். "இப்ப கேக்குதா?"

"கேக்குது, தங்கம்."

அவளைக் குப்பியோடு இடுப்பில் தூக்கிக்கொண்டு தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனேன். அவள் அப்பா முன்கூட்டியே வந்து, தலைமை ஆசிரியைக்கு எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"வேற ஸ்கூல் எல்லாம் வேண்டாம் சார். இவளுக்கு எலும்பு வழியாத்தான் சத்தம் கேக்குது, காது வழியா இல்ல. முதல்ல காது டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றேன்.

தலைமை ஆசிரியை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மகாராணி என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, எட்டி அவர் தாடையில் குப்பியை வைத்துக் குலுக்கினாள்.

"மேடம், உங்களுக்கும் இப்படித்தானே கேக்கும்?"