முறை முடியும்வரை

“மூச்சு வாங்குதாம், மூச்சு! நானுந்தான் ஆறு பெத்தேன். வயித்துல புள்ளையோட மலைத் தோட்டத்துலேர்ந்து விறகு சுமந்தேன். ஒரு கூடை கிழங்கைத் தூக்கினதுக்கே மகாராணி படியில உக்காந்துட்டா!”

சலனியெட்டாவின் கையில் கத்தி நிற்கவில்லை. மரவள்ளிக்கிழங்கின் தோல் நீளநீளமாக விழுந்தது. மறுநாள் தலைநகர் சுவாவிலிருந்து பல்கலைக்கழகத்தார் படகில் வருகிறார்கள். அறுபது பேருக்குச் சமைக்க வேண்டும்.

மருமகள் லைசானி ஐந்து மாத வயிற்றின் மேல் கையை வைத்து, வாயைத் திறந்து மூச்சை இழுத்தாள்.

“மெதுவா, அத்தை. இதோ எழுந்துடறேன்.”

“எழுந்துட்டாலும்! சோம்பேறிக்குச் சாக்குக்கா பஞ்சம்?”

வாசலில் நின்ற உனைசிக்குக் காது எரிந்தது. சலனியெட்டாவின் மகள் அவள். இந்தத் தீவின் ஒரே நர்ஸ். லைசானியின் மூச்சுக்குக் காரணம் சோம்பல் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அது தெரிந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. தெரிந்துகொண்டே இந்த வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஏப்ரலில் ஊர்ப் பெண்கள் நாற்பத்தொரு பேரின் மார்பில் கருவியை வைத்து இதயத்தைப் படம் பிடித்தவள் அவள்தான். படங்கள் சுவாவுக்குப் போயின. அடுத்த மாதம் பட்டியல் வந்தது. சின்ன வயதில் வந்த தொண்டைப் புண்ணின் காய்ச்சல் ஏழு பேரின் இதய வால்வைத் தின்றிருந்தது. மூன்றாவது பெயர் லைசானி. மாதம் ஒரு பெனிசிலின் ஊசி போட்டால் மேற்கொண்டு கெடாது. ஊசி மருந்தும் கூடவே வந்து சுகாதார நிலையத்துக் குளிர்பெட்டியில் கிடந்தது.

பட்டியலோடு ஒரு விதியும் வந்தது. ஊர்க்கூடத்தில் பெரியவர்கள் முன் முறைப்படி வைக்கும்வரை முடிவை யாருக்கும் சொல்லக்கூடாது. அதே வாரம் ஊர்த்தலைவர் இறந்துபோனார். நூறு இரவு துக்கம். அது கழியும்வரை வெளியார் யாரும் சடங்கோடு ஊருக்குள் வர முடியாது.

உனைசி சுவாவுக்குப் போன் செய்து, இப்போதே சொல்லிவிடலாமா என்று கேட்டாள். போனை எடுத்தவர் பேராசிரியர் அபெனிசா, ஆய்வின் பலன் ஜனங்களின் ஆரோக்கியத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்றே பல்கலைக்கழகத்தில் ஒரு துறையை எழுப்பியவர். பக்கத்துத் தீவுக்காரர்தான்.

“வெள்ளைக்காரன் வந்தான், கேக்காம ரத்தம் எடுத்தான், போனான். நம்ம ஜனங்களுக்கு ஒரு மரியாதை உண்டா? அதுக்காகத்தான் இந்த விதி, உனைசி. நாமளே அதை உடைச்சா எப்படி?”

“ஒரு பொண்ணு மாசமா இருக்கா, சார்.”

“நூறு நாள்தானே? நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

போட்டிருந்தாள். அந்த விதியை வகுத்த கூட்டத்தில் முதலில் கை தூக்கியவளும் அவள்தான். நம்முடைய முறையைப் பல்கலைக்கழகம் மதிக்கிறதே என்று அன்று நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு ஒவ்வொரு நாளும் அந்தப் பெருமையைச் சொல்லித் தன்னைச் சமாதானப்படுத்தினாள். அடியில் இருந்தது வேலை போய்விடுமோ என்ற பயம். அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தாள்.

மறுநாள் ஊர்க்கூடத்தில் ஆண்கள் வரிசையாகப் பாய்மேல் அமர்ந்தார்கள். விருந்தினர் முறைப்படி திமிங்கலப் பல்லைக் காணிக்கையாக வைத்து வணங்கினார்கள். யங்கோனா வேர்ச்சாறு கலந்து சிரட்டையில் சுற்றுக்கு வந்தது. ஒவ்வொரு சிரட்டைக்கும் கைதட்டல். பரிசோதிக்கப்பட்ட நாற்பத்தொரு பெண்களும் பின்கட்டுச் சமையல் கொட்டகையில் புகையில் இருந்தார்கள். உனைசிக்கு மட்டும், நர்ஸ் என்பதால், கதவோரம் இடம்.

அபெனிசா திரையில் படங்களைக் காட்டினார். “ஏழு பெண்களுக்கு நோய் இருக்கு. அடுத்து என்ன செய்யறதுன்னு ஊர்தான் தீர்மானிக்கணும். நாங்க சொல்ல மாட்டோம்.”

பெரியவர் தனியேலா தொண்டையைச் செருமினார். “நல்லது. முதல்ல புருஷன்மார்கிட்டச் சொல்லுவோம். பொம்பளைங்களுக்குத் தெரிஞ்சா பயந்துடுவாளுங்க. ஊசி போடலாமா வேணாமான்னு அடுத்த மாசக் கூட்டத்துல பேசி முடிவு பண்ணுவோம்.”

“ரொம்பச் சரி,” என்றார் அபெனிசா. பக்கத்திலிருந்த உதவியாளரிடம் குனிந்து, “எழுதிக்கோ. ஊரே முன்னின்று எடுத்த முடிவு,” என்றார். அவர் முகத்தில் உண்மையான மகிழ்ச்சி.

அந்த மகிழ்ச்சியைத்தான் உனைசியால் தாங்க முடியவில்லை. கெட்டவன் என்றால் திட்டிவிட்டுப் போகலாம். இவர் நல்லவர், லைசானியை இன்னும் ஒரு மாதம் மூச்சிரைக்க விடப்போகிற நல்லவர்.

அவள் எழுந்தாள். பெரியவர்கள் அமர்ந்திருக்கும்போது குனிந்து, மன்னிப்புக் கேட்டபடிதான் நகர வேண்டும். அவள் குனியவில்லை. முழு உயரத்துக்கு நிமிர்ந்து நடந்து வெளியே போனாள். பின்னால் கைதட்டல் பாதியில் நின்றது.

சுகாதார நிலையத்திலிருந்து ஊசிப்பெட்டியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். மூலையில் ஒரு பாயைத் தொங்கவிட்டு, லைசானியை உள்ளே அழைத்துத் தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். இதற்கு முன் பெனிசிலின் போட்டு உடம்பு தடித்ததுண்டா என்று கேட்டாள். திங்கட்கிழமைப் படகில் சுவா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள்.

லைசானி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்போ நான் சோம்பேறி இல்லையா, அண்ணி?”

“இல்லடி.”

“ராத்திரியெல்லாம் நான் அப்படித்தான்னு நெனைச்சுக்கிட்டே படுத்திருப்பேன்.” அவள் கண்ணைத் துடைத்தாள். “போடுங்க.”

உனைசி ஊசியைப் போட்டு நிமிர்ந்தபோது பாயை விலக்கிக்கொண்டு சலனியெட்டா நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“மே மாசமே, அம்மா.”

“நான் இவளைப் பேசினதையெல்லாம் கேட்டுக்கிட்டு நின்னியே. வாயில என்ன இருந்துச்சு, கொழுக்கட்டையா? நான் மூடம். நீ படிச்சவதானே?”

கிழவி மருமகளைத் தொடவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. வெளியே போய்க் கொட்டகையின் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். “லைசானி முடிஞ்சுது. அடுத்து யாரு, கூப்பிடு.”

இரண்டாவது பெண் பாய்க்குப் பின்னால் பாவாடையை நெகிழ்த்தும்போது வெளியே காலடிச் சத்தம். அபெனிசா மூச்சிரைக்க வந்து நின்றார்.

“உனைசி! என்ன காரியம் செய்யறீங்க? கூடத்துல எல்லாரும் கொதிச்சுப்போயிருக்காங்க. இத்தனை வருஷமா நான் கட்டினதெல்லாம்...”

அவர் ஓர் அடி எடுத்து வைத்தார். சலனியெட்டா நீட்டிய காலை மடக்கவில்லை.

“தம்பி, இது பொம்பளைங்க இடம். அனுமதி கேட்டீங்களா?”

“அம்மா, அவசரம்...”

“அவசரமா? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? உக்காருங்க. உள்ள எல்லாரும் கூடிப் பேசி, வரலாமா வேணாமான்னு முடிவு பண்ணிச் சொல்லுவோம்.”

முறை தெரிந்த மனிதர் அவர். ஒரு கணம் நின்றார். பிறகு, வேறு வழியில்லாமல், வெயிலில் காலை மடித்து அமர்ந்தார்.

உள்ளே உனைசி மூன்றாவது ஊசியின் உறையைப் பிரித்தாள்.