இன்ஜின் அணைக்கும் இடம்

மலைகளுக்கு நடுவே கடல் குறுகி ஓடும் டன்வெல் இடுக்கில், கறுப்புப் பாறையைத் தாண்டியதும் எல்லாரும் இன்ஜினை அணைப்பார்கள். மீன்படகு, தபால் படகு, போலீஸ் படகு, எதுவானாலும். நீரோட்டம் படகைத் தானாகத் தள்ளிக்கொண்டு போகும். படகில் இருப்பவர்களில் ஒருவர் கேட்பார்: "கேக்குதா?" இன்னொருவர் சொல்வார்: "இல்ல." அதற்கப்புறம்தான் மறுபடி இன்ஜின். தனியாகப் போகிறவன் இரண்டையும் தானே சொல்லிக்கொள்வான்.

பல வருஷங்களுக்கு முன் ஊர்க்காரன் கெல்வின் காணாமல் போன அன்று தொடங்கியது இது. ஊரில் டீசல் விலை கையைச் சுட்டது. துறைமுக நகரத்தில் மலிவு. ஊருக்கே சேர்த்து வாங்கிவரப் போனான். திரும்பும்போது படகின் தளம் முழுக்கப் பீப்பாய்கள். இடுக்கில் மூடுபனி. பாறையருகே வந்துவிட்டதாக வயர்லெஸில் சொன்னான். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

தேடப் போன படகுகள் அங்கே இன்ஜினை அணைத்துக் காதுகொடுத்தன. கெல்வினின் பழைய இன்ஜின் மூன்று முறை அடித்து ஒருமுறை தடுக்கும். ஊரில் குழந்தைக்கும் அந்தச் சத்தம் தெரியும். ஒருவருக்குக் கேட்டால் கையை உயர்த்துவார்; மற்ற யாரும் இன்ஜினைத் தொடக் கூடாது. தேடுகிறவர்களின் விதி அது. யாருக்கும் கேட்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை. தேடல் முடிந்தது என்று யாரும் சொல்லவுமில்லை.

காற்றில்லாத நாட்களில் அந்த இடத்தில் தண்ணீர்மேல் ஒரு படலம் வரும். ஊதா, பச்சை, பிறகு ஒன்றுமில்லை. கீழே ஏதோ ஒரு பீப்பாய் துருப்பிடித்து உடைந்திருக்கும். "மூச்சு விடறான்" என்பாள் டெல்மா, கெல்வினின் மனைவி.

எண்ணெய்க் குழாயைப் பற்றி ஊர்க்கூடத்தில் கூட்டம் நடந்தபோது அவளும் ஆர்விலும் எதிரெதிர் பக்கம் உட்கார்ந்தார்கள். ஆர்வில் கெல்வினின் அண்ணன். எண்ணெய் எடுக்கும் ஆல்பர்ட்டாவிலிருந்து மலைகளைத் தாண்டிக் குழாய் வரும். இடுக்கின் தலைமாட்டில், அதன் உள்முனையில், கப்பல்கள் எண்ணெய் ஏற்றும். ஆசியாவுக்குப் போகும். ஊர் சம்மதிக்க வேண்டும்.

"வேலை வரும். டீசல் இறங்கும்" என்றான் ஆர்வில்.

"குழாய்ல வர்றது கச்சா எண்ணெய். அதை உன் படகுல ஊத்தி ஓட்டுவியா?" என்றாள் டெல்மா.

"ஓட்டுவான். ரம் ஊத்தியே ஓட்டினவன்தானே!" என்றது பின்வரிசை.

சிரிப்பு அடங்கும்வரை ஆர்வில் நின்றான்.

"அன்னைக்கு இங்க டீசல் மலிவா இருந்திருந்தா கெல்வின் போயிருக்க மாட்டான்."

பிறகு கைகள் உயர்ந்தன. டெல்மா தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். சில கைகள் வித்தியாசத்தில் சம்மதம் ஜெயித்தது.

குழாய் வந்தது. ஊர்ப் பம்பில் விலை இறங்கவில்லை, ஏறியது. ஆர்விலுக்கு வேலை கிடைத்தது. எண்ணெய் ஏற்றிய கப்பலை இடுக்கைக் கடத்திவிடும் இழுவைப் படகுக்கு அவன் கேப்டன். கப்பலின் பின்புறத்தோடு கயிறு கட்டிக்கொண்டு தொடர வேண்டும். கப்பலின் சுக்கான் கைவிட்டால் அவன் படகுதான் இழுத்து நிறுத்த வேண்டும்.

முதல் கப்பலுக்கு முந்தைய நாள் டெல்மா படகுத்துறைக்கு வந்தாள்.

"அங்க என்ன பண்ணப் போற?"

"எங்க?"

"எங்கன்னு கேக்கறான் பாரு."

"கயித்துல கப்பல் இருக்கும், டெல்மா. அணைக்க முடியாது."

"சரி. அப்ப நீ கேக்கறத நிறுத்திட்ட."

"அப்படி இல்ல."

"வேற எப்படி?"

அவன் கயிற்றைச் சுருட்டினான். அது ஏற்கெனவே சுருட்டித்தான் இருந்தது.

மறுநாள் காலை காற்றில்லை. கப்பல் மலைபோல முன்னே நகர்ந்தது. ஆர்விலோடு சுக்கான் அறையில் டெஸ் இருந்தாள். அவளும் அதே ஊர்தான். கப்பலுக்கு வழிகாட்டும் ஹாஸ்கெல் கப்பலின் மேல்தளத்திலிருந்து வயர்லெஸில் சொல்லிக்கொண்டே வந்தான். இடது, கொஞ்சம் இடது, அப்படியே.

கறுப்புப் பாறை பக்கவாட்டில் நழுவியது.

"கேக்குதா?" என்றாள் டெஸ்.

அவள் நினைத்துச் சொல்லவில்லை. அவனும் நினைத்துச் செய்யவில்லை. கை தானாக விசைப்பிடியைப் பின்னால் இழுத்து இன்ஜினை அணைத்தது. கயிறு தொய்ந்து தண்ணீரைத் தொட்டது.

அப்போது கேட்டது. காலடியில், வெகு கீழே. மூன்று அடி, ஒரு தடுக்கல். மூன்று அடி, ஒரு தடுக்கல்.

"இழுவைப் படகு! கயிறு தொங்குது! என்னய்யா பண்றீங்க?" ஹாஸ்கெலின் குரல். "முகப்பு பாறைப் பக்கம் திரும்புது. இழு! இழு!"

ஆர்வில் இன்ஜினைப் போட்டு விசைப்பிடியை முழுவதும் தள்ளினான். படகு நடுங்கியது. கயிறு விறைத்து நீரை உதறியது. கப்பலின் முகப்பு மெல்ல, மிக மெல்ல, இடுக்கின் நடுவுக்குத் திரும்பியது. அவன் படகின் சுழல்விசிறி அந்த இடத்துத் தண்ணீரை அடிவரை கலக்கிவிட்டுப் போனது.

"எல்லாம் சரியா?" என்றான் ஹாஸ்கெல், கொஞ்ச நேரம் கழித்து.

"சரி."

டெஸ் பின்னால் நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ 'இல்ல'ன்னு சொல்லலியே" என்றாள்.

அன்றிலிருந்து அது அவனோடு வந்தது. வீட்டு ஃப்ரிட்ஜ் மூன்று முறை அடித்துத் தடுக்கியது. காரின் வைப்பர் தடுக்கியது. புகைபோட்ட சால்மனை மெல்லும்போது அவன் தாடையே தடுக்கியது. சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். நிறுத்தினால் ஒன்றுமில்லை.

அடுத்த கப்பலின் காலையில் அவன் வேலைக்குப் போகவில்லை. டெஸ்ஸை இழுவைப் படகை எடுக்கச் சொன்னான். டெல்மாவின் கதவைத் தட்டினான்.

"வா."

"எங்க?"

"எங்கன்னு கேக்கறா பாரு" என்றான். அவள் சிரிக்கவில்லை. ஆனால் மழைக்கோட்டை எடுத்தாள்.

அவனுடைய சின்னப் படகில் போனார்கள். பாறையைத் தாண்டியதும் இன்ஜினை அணைத்தான். நீரோட்டம் அவர்களைப் பிடித்துக்கொண்டது. தண்ணீரில் படலம் இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை. இழுவைப் படகு கலக்கியதில் கீழே மிச்சமிருந்தது எல்லாம் போய்விட்டதோ என்று டெல்மா எட்டிப் பார்த்தாள். அவள் கை படகின் விளிம்பை இறுக்கியிருந்தது.

"கேக்குதா?" என்றாள்.

இல்ல என்று சொன்னால் போதும். இன்ஜினைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அடுத்த கப்பலுக்குக் கயிறு கட்டலாம். ஊரில் எல்லாரும் இத்தனை நாள் அதைத்தான் சொன்னார்கள்.

"கேக்குது" என்றான் ஆர்வில்.

டெல்மா அவன் முகத்தைப் பார்த்தாள். தலையைச் சாய்த்துக் காதுகொடுத்தாள்.

"எனக்குக் கேக்கல."

"எனக்குக் கேக்குது."

அவள் கை நீட்டி இன்ஜின் சாவியை உருவி மழைக்கோட்டின் பையில் போட்டுக்கொண்டாள்.

தபால் படகு வந்தது. வழக்கம்போல அணைத்தது. கொஞ்சம் நகர்ந்தது. டெல்மா எழுந்து நின்று கையை உயர்த்தினாள். தபால்காரர் தொப்பியைக் கழற்றினார். அவர் இன்ஜினைப் போடவில்லை. பின்னால் நண்டுப் படகு ஒன்று வந்து அணைத்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குள் நீரோட்டம் தளர்ந்து நின்றிருந்தது. படகுகள் ஒன்றையொன்று இடிக்காமல், ஒன்றும் பேசாமல், அப்படியே கிடந்தன.

இடுக்கின் தலைமாட்டில் கப்பலின் ஊதல் ஒலித்தது. ஆர்வில் வயர்லெஸை எடுத்தான்.

"ஹாஸ்கெல், கப்பலைத் துறையில கட்டின கயித்த அவிழ்க்காதீங்க. இடுக்குல தேடிக்கிட்டிருக்கோம். படகுங்க எல்லாம் குறுக்க நிக்குது."

"ஆள் விழுந்துட்டாரா? யாரு?"

"என் தம்பி."

"அடடா." கப்பலில் யாரிடமோ ஹாஸ்கெல் ஏதோ உத்தரவு போடுவது கேட்டது. மறுபடி வந்தான். "கப்பல் நிக்கும். உதவிக்குப் படகு அனுப்பறோம். எப்ப காணாமப் போனாரு?"

டெல்மா ஆர்விலைப் பார்த்தாள். அவன் பொத்தானை அழுத்தினான்.

"படகு வேண்டாம். கொஞ்ச நேரம் சத்தம் போடாம இருங்க, ஹாஸ்கெல்" என்றான். "கேட்டுக்கிட்டிருக்கோம்."