மித்ஸுகோவை ஏன் பிடிக்கும்?

‘கடைசி ரயிலுக்கு முன்னால்’ என்ற படத்தின் பெயரைக் கேட்டாலே மொரியோவுக்குக் குமட்டும். டிவியில் மூன்று முறை, பீர் குடித்துக்கொண்டே பார்த்திருக்கிறார். ஒரு நர்ஸ், ஒரு டாக்டர், ஊர்ப்பட்ட மழை, கடைசியில் பிளாட்பாரத்தில் கட்டிப்பிடித்து இருவரும் டோக்கியோ ரயிலில் ஏறினால் சுபம். இந்தக் கண்றாவிக்காக அவர் மனைவி யாசுயோ, மத்ஸுமொதோ ஊரின் பழைய தியேட்டரில் வருடத்துக்கு ஒருநாள் அதைத் திரும்பப் போடும்போதெல்லாம் நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பதின்மூன்று வருடமாக இதே கூத்து.

பதினாலாவது முறை மொரியோவும் கூடப் போனார். வேறு வழியில்லை. நகராட்சிக் குடிநீர்ப் பிரிவிலிருந்து ஓய்வுபெற்று அவர் வீட்டோடு உட்கார்ந்த எட்டாம் மாதம், யாசுயோ கனஸாவாவில் தனக்கென்று ஒரு அறை பார்த்துவிட்டாள். விவாகரத்தெல்லாம் இல்லை, தனியாக இருக்கப் போகிறாளாம். மொரியோ முதலில் கத்தினார், பிறகு கெஞ்சினார். வீட்டில் அரிசி எங்கே இருக்கிறதென்றுகூடத் தெரியாத மனுஷர் கெஞ்சாமல் என்ன செய்வார்?

“ஒண்ணு பண்ணுங்க. என்கூட வந்து அந்தப் படத்தை முழுசாப் பாருங்க. எனக்கு அதுல நடிக்கிற மித்ஸுகோவை ஏன் பிடிக்குதுன்னு சரியாச் சொல்லிட்டா, நான் போகலை” என்றாள் யாசுயோ.

“இவ்வளவுதானா? பைத்தியக்காரி.”

மதியக் காட்சி. அரங்கு முழுக்க ஐம்பதைத் தாண்டிய பெண்கள், கையில் கைக்குட்டையோடு தயாராக இருந்தார்கள். திரையில் நர்ஸாக அசகிரி மித்ஸுகோ வந்தாள். ஒரு கோணப்பல், ஜலதோஷம் பிடித்த குரல். இவளா நடிகை! டாக்டர் பேசுகிறான், பேசுகிறான், பேசிக்கொண்டே இருக்கிறான். இவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இதற்குச் சம்பளம் வேறு. பின்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். மொரியோ கொட்டாவியை மறைக்கக்கூட முயலவில்லை.

ஒருவழியாகப் பிளாட்பாரம் வந்தது, கட்டிப்பிடித்தார்கள், ரயில் கிளம்பியது, பெயர்கள் ஓட ஆரம்பித்தன. ஒருவரும் அசையவில்லை. அந்த ஊரில் படம் பிடிக்காதவன்கூட, கடைசி எலக்ட்ரீஷியன் பெயர் மறைந்து விளக்கு எரியும்வரை எழுந்திருக்க மாட்டான். மொரியோ எழுந்தார்.

யாசுயோ அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். “இருங்க.”

“அதான் முடிஞ்சுடுச்சே. விளக்குப் பிடிச்சவன் பேரையெல்லாம் படிச்சு நான் என்ன பரீட்சையா எழுதப் போறேன்?”

பத்துப் பதினைந்து முழங்கால்களை இடித்துக்கொண்டு வெளியேறினார். கழிப்பறைக்குப் போய்வந்து, முகப்பில் நின்று பதிலைத் தயார் செய்தார். யாசுயோ வந்ததும் தொண்டையைச் செருமினார்.

“ஊரே பாக்க அவன் அவளைக் கட்டிப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போறான். நான் உன்னை ஒருநாளும் அப்படி வெச்சுக்கல. அதான் உனக்கு ஏக்கம். தப்பு என்மேலதான், போதுமா?”

தன் பெருந்தன்மையில் அவருக்கே கண் கலங்கியது. ரொம்ப நல்லவர்தான்!

“டிவியில பேர் ஓட ஆரம்பிச்சாலே வெட்டிடுவாங்க,” என்றாள் யாசுயோ. “பேரெல்லாம் முடிஞ்சப்புறம் ஒரு சீன் இருக்கு.”

“என்ன சீன்?”

“அடுத்த ஸ்டேஷன்ல அவ இறங்கிடறா. அவன் ஜன்னலைத் தட்டித் தட்டிக் கூப்பிடறான். அவ ஏறலை. ரயில் போனதும் பெஞ்சுல உக்காந்து, பையிலேர்ந்து ஒரு சோத்து உருண்டையை எடுத்துத் தனியா சாப்பிடறா. சாப்பிட்டுக்கிட்டே சிரிக்கிறா. அந்தக் கோணப்பல் தெரியச் சிரிக்கிறா. அந்தச் சிரிப்புக்குத்தான் நாங்க எல்லாரும் வரோம்.”

மொரியோ உள்ளே பார்த்தார். கைக்குட்டைப் பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி முகத்திலும் அழுகை இல்லை. அவருக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

“யாருக்குத் தெரியும் அப்படி ஒண்ணு இருக்கும்னு! இது கணக்குல சேராது. நாளைக்கு மறுபடி வந்து, விளக்கு எரியறவரைக்கும் உக்கார்றேன்.”

“நாளைக்குப் படம் இல்லைங்க,” என்று கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள் யாசுயோ. “நாளைக்கு நான் சாமான் கட்டணும்.”