வீட்டை நோக்கி வந்த கிணறு

மாசி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை, புங்குடுதீவில் சயந்தினி வீட்டுக் கிணறு நாலு அடி வீட்டுப் பக்கமாக நகர்ந்து வந்திருந்தது. கட்டு வெடிக்கவில்லை, கப்பி கழலவில்லை. முந்தின நாள் அது நின்ற இடத்தில் மண் மூடிப் புல்லும் முளைத்துக் கிடந்தது. அடுத்த செவ்வாய் இன்னும் நாலு அடி. பங்குனி முடியுமுன் முருங்கை மரத்தைச் சுற்றிக்கொண்டு வந்து முற்றத்தில் நின்றது.

பாதிக் கிணறுகள் உவராகிப் போன ஊர் அது. பெண்கள் குடத்தோடு மைல் கணக்கில் நடக்கிற இடத்தில் நல்ல தண்ணீர் தானாக வாசலுக்கு வருகிறதென்றால் சனம் வேறென்ன சொல்லும்? அதிர்ஷ்டக்காரி என்றது. பக்கத்து வளவு அம்பிகை, "உமக்கென்ன பிள்ளை, குசினியில இருந்தே அள்ளலாம்" என்று வாய்விட்டுப் பொறாமைப்பட்டாள். அவள் புருஷன் பரராசசிங்கத்துக்கு வேறு கவலை. காணி உறுதிப் பத்திரப்படி அந்தக் கிணற்றில் பாதி அவருடையது. அந்தப் பாதியும் சேர்ந்தல்லவா போகிறது! வேலணையிலிருந்து நில அளவையாளரைக் கூட்டி வந்து எல்லை முளை அடிப்பித்தார். சுவிஸிலும் கனடாவிலும் இருந்த பங்காளிகள் வட்ஸ்அப்பில் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். முளை மட்டும் அடித்த இடத்திலேயே நின்றது.

எல்லாரும் தண்ணீரைப் பார்த்தார்கள். அது எதற்காக வருகிறதென்று சயந்தினி ஒருத்திக்குத்தான் தெரியும். மார்கழியில் மகள் கம்சிகா பிறந்ததிலிருந்து அவளுக்கு நித்திரை இல்லை. விடியும்போதே நெஞ்சு படபடவென்று அடிக்கும். என்ன பயம் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இராது. தலை சீவுவது ஒரு நாள் வேலையாகத் தெரிந்தது. பிள்ளை அழுதால் யாரோ தூரத்து வீட்டில் அழுவதுபோல் கேட்டது. கத்தாரிலிருந்த கணவன் ஜெயரூபனிடம் போனில் சொல்லிப் பார்த்தாள். வீடு இருக்கு, காசு வருது, வடிவான பிள்ளை இருக்கு, பிறகென்ன குறை என்று அவன் கேட்டான். அவளுக்கே தன்மேல் வெட்கமாயிருந்தது.

"அக்கா, எனக்கு உந்தக் கிணத்தைப் பாக்கப் பயமாக் கிடக்கு" என்று ஒருநாள் அம்பிகையிடம் சொன்னாள்.

"பிள்ளை தவழப் போகுதெண்டு பயப்பிடுறீர். மூடி போட்டால் சரி."

பனம்பலகையில் கனத்த மூடி செய்து போட்டார்கள். அடுத்த செவ்வாய் மூடி பழைய இடத்தில் கிடந்தது. கிணறு திறந்தபடி குசினி வாசலில் நின்றது.

ஆனி மாதம் பிள்ளைக்கு நிறை பார்க்க ஸ்கூட்டியில் வந்தாள் குடும்பநல மாது மேரிஜோசப்பின். அந்த வீட்டுக்கு வருகிற எவரும் முதலில் கிணற்றைத்தான் பார்ப்பார்கள். இவள் சயந்தினியின் முகத்தைப் பார்த்தாள். பிள்ளையின் நிறை நல்லாயிருந்தது. கொப்பியை மூடி வைத்துவிட்டு, "நீர் நித்திரை கொள்ளுறீரோ?" என்று கேட்டாள்.

"கண்ணை மூடுறன் மிஸ். வாறதில்லை."

"உயிரோட இருக்க வேண்டாமெண்டு யோசினை வாறதோ?"

அடேயப்பா, அத்தனை மாதத்தில் ஒரு மனிசரும் அதைக் கேட்கவில்லை! சயந்தினி வாசலைக் காட்டினாள். "அது என்னைக் கூப்பிடேல்லை மிஸ். சும்மா வந்து நிக்குது. நான் ஒருநாள் களைச்சுப் போவன் எண்டு அதுக்குத் தெரியும்."

மேரிஜோசப்பின் பதறவும் இல்லை, புத்தி சொல்லவும் இல்லை. "இது வருத்தம் பிள்ளை, ஒரு நோய். உம்மட பிழை இல்லை. பிள்ளை பெத்த கனபேருக்கு வாறது. மருந்து இருக்கு, கதைக்க ஆக்கள் இருக்கினம். இப்பவே போவம்" என்றாள். அளவு நாடாவோடு வந்து நின்ற பரராசசிங்கத்தின் கையில் பிள்ளையைக் கொடுத்து, தாங்கள் திரும்பி வரும்வரை கதிரையைக் குசினி வாசலில் போட்டு இருக்கச் சொன்னாள். மனிசன் பின்னேரம் வரை அசையவில்லை. விசயம் கேள்விப்பட்ட அம்பிகை, "தண்ணியைப் பாத்தனான், சயந்தினிப் பிள்ளையைப் பாக்கேல்லையே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மேரிஜோசப்பினும் சயந்தினியும் ஓட்டோவில் ஊர்காவற்றுறை ஆசுபத்திரிக்குப் போனார்கள். டொக்டர் ஒரு மணித்தியாலம் கேட்டார். குளிசை வேலைசெய்யச் சில கிழமை செல்லும், அதுவரை தனியே விடக் கூடாது என்றார். அவர் சொன்னது சரிதான். குளிசை தொடங்கிய முதற் செவ்வாய் கிணறு விறாந்தைக்கு வந்தது; இரண்டாம் செவ்வாய் அறைக்குள் வந்து, சயந்தினியின் கட்டிலுக்கு மூன்றடி தள்ளி நின்றது. நிலத்து மாபிள் ஒன்றும் உடையவில்லை. அம்பிகை கிணற்றுக்கும் கட்டிலுக்கும் இடையில் பாய் விரித்துப் படுத்தாள். ஜெயரூபன் லீவு எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். கிணற்றைக் கண்டதும் அம்பிகையின் பாய்க்குப் பக்கத்தில் இன்னொரு பாய் விரித்தான். மூன்றாம் செவ்வாய் அது நகரவில்லை. அன்றைக்குச் சயந்தினி நாலு மணித்தியாலம் நித்திரை கொண்டாள். விடிய எழும்பி, பசிக்கிறது என்றாள்.

இப்போது கிணறு மெல்ல மெல்லப் பின்வாங்கி முருங்கையடியில் நிற்கிறது. ஊர்ச் சனம் அங்கேயே வந்து அள்ளுகிறது. அது அதற்கப்பால் போகுமென்று டொக்டர் சொல்லவில்லை, சயந்தினியும் கேட்கவில்லை. எப்போதாவது ஒரு செவ்வாய் விடியலில் இரண்டடி முன்னே வந்து நிற்கும். அன்றைக்கு அவள் கிளினிக் கொப்பியைப் பைக்குள் வைத்து, கம்சிகாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அம்பிகை வீட்டுப் படலையில் போய் நிற்பாள்.

"அக்கா, வந்திட்டுது."

அம்பிகை அடுப்பை நிற்பாட்டிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வருவாள்.