குடிக்காதவனின் சத்தியம்

சண்டிலிப்பாயில் ஒரு மரக்கறிச் சங்கத்தில் கணக்கு வேலைக்குச் சேர்ந்த அன்று, என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். பெயர் மயூரதன் என்றேன். கம்பசில் வணிகம் படித்ததைச் சொன்னேன். மனைவி ஆரபி போன வருடம் விபத்தில் இறந்துவிட்டாள் என்றேன். எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். அதோடு இருந்துவிட்டேன்.

சொல்ல இன்னொன்று இருந்தது. எனக்கு உடம்பில் ஒரு வருத்தம். திடீரென்று நாக்குத் தடிக்கும். கால் பின்னும். கண் சிவக்கும். கொஞ்ச நேரத்தில் போய்விடும். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பார்த்தாயிற்று. ஸ்கான் சரி, இரத்தம் சரி. ஒரு டொக்டர் மனக்கவலை என்றார். அப்போது ஆரபி உயிரோடு என் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். அது வரப்போவது எனக்கு முந்தி அவளுக்குத் தெரிந்துவிடும். அதற்கு ஒரு பெயர் எங்கள் இருவருக்கும் தேவைப்படவில்லை.

சேர்ந்த மாதமே சங்கத்தில் வைத்து வந்தது. தக்காளிப் பெட்டியில் தடக்கிச் சுவரைப் பிடித்தேன். பக்கத்து மேசைப் பிரதீபா, "என்ன சேர்?" என்றார். பதில் குழறியது. அவர் பின்னுக்குப் போனார். கிட்ட வந்திருந்தால் சாராய மணம் இல்லை என்று தெரிந்திருக்கும்.

"சேர் விடியவே துவங்கிட்டார்" என்றான் லொறி ஓடும் நிருஷன். "எங்களுக்கு ஒரு சொல்லும் சொல்லேல்லை."

"வாயை மூடும். மனிசியைப் பறிகுடுத்த ஆள்" என்றார் பிரதீபா.

மறுநாள் முகாமையாளர் கனகரத்தினம் அண்ணை அறைக் கதவைச் சாத்தினார்.

"தம்பி, நானும் ஒரு காலத்திலை நல்லாக் குடிச்சனான். சன்னிதி முருகன் கோயிலிலை கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணினாப் பிறகுதான் விட்டனான்."

"நான் குடிக்கிறேல்லை அண்ணை."

"நானும் உப்பிடித்தான் சொல்லித் திரிஞ்சன்."

"இது வருத்தம்."

"என்ன வருத்தம்?"

"பேர் தெரியாது."

அவர் கோபிக்கவில்லை. கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"நிர்வாகத்துக்குக் கதை போயிட்டுது. உம்மை நிப்பாட்டச் சொல்லுகினம். வெள்ளிக்கிழமை என்னோடை சன்னிதிக்கு வாரும். சத்தியம் பண்ணினீரெண்டால் நான் உமக்காகக் கதைப்பன்."

வெள்ளிக்கிழமை அவருடைய மோட்டார் சைக்கிளில் தொண்டைமானாறு போனோம். முருகன் வாசலில் சேர்ட்டைக் கழற்றினோம். கற்பூரத்தைக் கொளுத்தி என் முன்னால் வைத்தார். எரிகிறதை உள்ளங்கையால் அடித்து அணைத்தால் சத்தியம்.

மற்றக் கையை என் வெறும் முதுகில் வைத்தார். ஆரபிக்குப் பிறகு என்னை ஒருவரும் தொட்டதில்லை. அந்தக் கையை எடுக்கவேண்டாம் என்று இருந்தது.

"சொல்லும் தம்பி. இனித் தொடமாட்டன் எண்டு."

சொன்னால் அது பொய்யும் அல்ல. தொட்டதில்லை, தொடப்போவதும் இல்லை. ஆனால் அது திரும்ப வரும். அன்றைக்கு நான் முருகனுக்கு முன்னால் சொன்னதை மீறிய குடிகாரன். இவரும் என்னைக் கைவிட்டுவிடுவார்.

"எனக்குத் திரும்ப வரும் அண்ணை" என்றேன். "கால் பின்னும். கதை குழறும். அண்டைக்குக் கிட்ட வந்து என்ரை வாயை மணந்து பாருங்கோ. அதுக்குப் பிறகும் குடியெண்டு பட்டால் நிப்பாட்டுங்கோ."

அவர் என் முதுகிலிருந்து கையை எடுத்தார். கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது.

திரும்பி வந்தோம். என் வீட்டு ஒழுங்கை முகப்பில் நிறுத்தினார்.

"குடியெண்டால் நான் சொல்லிச் சமாளிச்சிருப்பன் தம்பி. உதுக்கு நிர்வாகத்திட்டை என்னத்தைச் சொல்லுறது?"

"நான் சொன்னதையே சொல்லுங்கோ."

"அவை சிரிப்பினம்."

"ஓம்."

மோட்டார் சைக்கிளைத் திருப்பினார். திங்கட்கிழமை வரச் சொல்லவில்லை. வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை.