ஒற்றை அடுப்பு

ஊர் வரியிலிருந்து பிரபாகரனின் பெயரை எடுத்துவிட்டார்கள். காரணம் கேட்டால் சிரிப்புத்தான் வரும். அவன் வீட்டில் அடுப்பு இல்லையாம்.

சூர்யகலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய முதலியார்சாவடியில் வாடகைக்கு எடுத்திருந்த ஒற்றை அறையில் உட்கார்ந்து, புருஷன் தலையைக் குனிந்துகொண்டு இதைச் சொன்னபோது அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ இன்னாய்யா சொன்ன?"

"நான் இன்னா சொல்றது? கூட்டத்துல முடிவு பண்ணிட்டாங்க."

கடலில் எப்பேர்ப்பட்ட அலைக்கும் அசராதவன், நாலு பெரிய மனுஷர்கள் முன்னால் நாக்கை விழுங்கிவிடுவான். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் பார்த்து வருகிற கூத்துதான் இது.

மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டிக் கடலோரமாக இருக்கிறது அவர்கள் குப்பம். அங்கே கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஊருக்கு வரி கட்ட வேண்டும். வரிக்காரன்தான் ஊர்க்காரன். அவன் படகுக்குத்தான் கரையில் இடம். அவன் வீட்டுச் சாவுக்குத்தான் ஊர் கூடும். ஒரு காலத்தில் மீன் தேடி வேறு கரைகளுக்குப் போய் மாதக்கணக்கில் தங்குவார்கள். போனவன் திரும்புவானா, அங்கேயே தங்கிவிடுவானா என்று ஊருக்கு எப்படித் தெரியும்? அதற்காக ஒரு வழக்கம் வைத்தார்கள். அடுப்பை விட்டுவிட்டுப் போனவன் திரும்பி வருவான், அடுப்பைத் தூக்கிக்கொண்டு போனவன் போனவன்தான்.

சூர்யகலாவோ குட்டியானை வண்டியில் பாத்திரம் பண்டத்துக்கு மேலே கேஸ் அடுப்பை ஏற்றி, ஊரே பார்க்கக் கொண்டுபோனாள். அந்தக் குப்பத்திலேயே பிறந்தவளுக்கு வழக்கம் தெரியாதா? தெரியும். ஆனால் வீட்டில் இருந்தது ஒரே அடுப்பு. அதை விட்டுவிட்டுப் போனால் போன இடத்தில் எதில் சோறு பொங்குவது? மகளுக்குப் பள்ளியில் இடம் கிடைத்த சந்தோஷத்தில் வழக்கமாவது மண்ணாவது, எதுவும் அவள் நினைவுக்கு வரவில்லை.

குப்பத்துப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் ஒரே டீச்சர். மீட்டிங், டிரெய்னிங் என்று அவரும் பாதி நாள் வரமாட்டார். மழை வந்தால் கூரை ஒழுகும், லீவு. நாலாவது படித்த அஸ்வினி, பஜ்ஜி மடித்து வந்த பேப்பரில் இருந்த எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துவிட்டு, "எண்ணெ பட்டுடுச்சிம்மா, ஒண்ணும் தெரியல" என்றாள். எண்ணெய் படாத இடத்தில்தான் விரலை வைத்திருந்தாள். அன்றைக்கே சூர்யகலா முடிவு செய்துவிட்டாள். முதலியார்சாவடிப் பக்கம் ஒரு பள்ளியில் வகுப்புக்கு ஒரு டீச்சர் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய் விசாரித்தாள். பக்கத்தில் குடியிருக்கிற பிள்ளைகளுக்குத்தான் இடம் என்றார்கள். சரி என்று குடிபோனார்கள். இப்போது அஸ்வினி மருந்துக்கடை போர்டு, பஸ் போர்டு என்று ஒன்று விடாமல் சத்தம்போட்டுப் படித்துக்கொண்டே வீட்டுக்கு வருகிறாள். பிரபாகரன் விடியுமுன் பைக்கில் குப்பத்துக்குப் போய்க் கடலில் இறங்கிக்கொண்டிருந்தான்.

அந்தப் படகைத்தான் இனிமேல் இறக்கக் கூடாது என்கிறார்கள். குப்பத்துக்குத் திரும்பினால் பிள்ளையின் படிப்பு போச்சு. திரும்பாவிட்டால் புருஷனின் பிழைப்பு போச்சு.

"பேசாம அங்கியே போயிடலாமா, கலா?"

"பேசாம பேசாம இருந்துதான் இந்த கதி. ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு நான் வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை அஸ்வினியை வீட்டுக்கார அம்மாவிடம் விட்டுவிட்டு, அடுப்பைப் பழைய புடவையில் மூட்டையாகக் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். மரக்காணத்தில் இறங்கி, கண் கூசும் உப்புப் பாத்திகளுக்கு நடுவே, வழி முழுக்கத் திட்டிக்கொண்டே நடந்தாள். பாத்தியில் வேலை செய்தவர்கள் தங்களைத்தான் திட்டுகிறாளோ என்று நிமிர்ந்து பார்த்தார்கள்.

மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் கூடியிருந்தது. கூட்டத்துக்குள் பெண்கள் போகிற வழக்கமில்லை. அவள் நேராக நடுவில் போய், மூட்டையை அவிழ்த்து அடுப்பை மணலில் வைத்தாள். பின்வரிசையில் நின்ற பிரபாகரனுக்குக் குப்பென்று வியர்த்தது.

தலைவர் தட்சணாமூர்த்தி முகம் சுளித்தார். "ஏம்மா, பொம்பளைங்க வர்ற எடமா இது? பிரபா, கூட்டினு போப்பா."

"அவர எதுக்கு மாமா கூப்புடறீங்க? அடுப்பு இல்லன்றதுதானே உங்க பிரச்சன? இதோ வந்திருக்குது. கேக்கறத இதுகிட்ட கேளுங்க."

யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள்.

"வழக்கம்னு ஒண்ணு இருக்குதும்மா."

"இருக்கட்டும். உங்க புள்ள சித்தார்த்தன் எங்க மாமா இருக்கிறாரு?"

"பாண்டியில. ஊருக்கே தெரியும்."

"எதுக்குப் போனாரு?"

"பசங்க படிப்புக்கு." சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "ஆனா அவன் வீட்ல அடுப்பு இருக்குது."

"இருக்குது, யாரு இல்லன்னது? வெள்ளிக்கெழமையானா உங்க வீட்டு அஞ்சம்மா அத்தை அந்த வீட்டுப் பூட்டத் தொறந்து, ஒரு டம்ளர் பால் காய்ச்சிட்டு மறுபடி பூட்டிட்டு வர்றாங்க. சோறு பொங்கறதெல்லாம் பாண்டி அடுப்புல. ரெண்டு அடுப்பு வாங்க வக்கு இருந்தா ஊர்க்காரன், ஒரே அடுப்பு இருந்தா ஓடிப்போனவனா? மாமியார் ஒடைச்சா மண்கொடம், மருமவ ஒடைச்சா பொன்கொடமா?"

"வார்த்தைய அளந்து பேசும்மா."

"அளந்து பேசினா உங்களுக்குக் கேக்காது மாமா." அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "இருசப்பண்ணே, உங்க பேரன் எந்த ஸ்கூலு? சிவப்பிரகாசம் சித்தப்பா, உங்க பொண்ணுங்க எங்க படிக்குதுங்க?"

இருசப்பன் மணலைப் பார்த்தார். சிவப்பிரகாசம் கோயில் கோபுரத்தில் எதையோ தேடினார்.

"படகு நிறுத்த எடம் இல்லன்னா கலெக்டர் ஆபீஸ் வாசல்ல போய் உக்காந்தீங்க. கோயிலுக்கு லைட் இல்லன்னு ரோட்ட மறிச்சீங்க. ஸ்கூலு கூரை ஒழுவுதே, டீச்சர் இல்லையே, அதுக்கு ஒரு நாளு போனீங்களா? எப்படிப் போவீங்க? உங்க வீட்டுப் புள்ள யாரும் நனையலையே! ஸ்கூல நல்லாப் பண்ண வேண்டியவங்க எல்லாம் சத்தமில்லாம மொதல்ல கெளம்பிப் போயிட்டீங்க. கடைசியா போன எம்மேலதான் சட்டம் பாயுது." மூச்சு வாங்கியது அவளுக்கு. "நாளைக்குக் காலையில உங்க பேரன நம்ம ஸ்கூல்ல கொண்டாந்து உக்கார வெய்ங்க மாமா. பக்கத்துலயே எம்பொண்ண உக்கார வெக்கறேன். நான் ரெடி. நீங்க ரெடியா?"

தட்சணாமூர்த்தி பக்கத்திலிருந்தவர்களிடம் குனிந்து குசுகுசுத்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"சரிம்மா. அடுப்புதான் வந்துடுச்சே. வீட்ல வெச்சிட்டுப் போ. பிரபா பேரு வரியில இருக்கும், படகும் எறக்கலாம். அத்தோட பேச்ச முடி."

பள்ளியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அப்படி ஒன்று அந்த ஊரில் இருப்பதே தெரியாத மாதிரி அடுத்த வழக்கை எடுத்தார்கள். அடுப்பை எட்டி உதைத்து அவர் காலடியில் உருட்ட வேண்டும் போல இருந்தது அவளுக்கு. புருஷனைப் பார்த்தாள். அவன் கரையில் கிடந்த தன் படகைப் பார்த்துக்கொண்டிருந்தான், அழுகிற மாதிரி.

பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்பைத் தூக்கினாள். குப்பத்தில் பூட்டிக் கிடந்த தங்கள் காலி வீட்டில், சிலிண்டரும் இல்லாத சமையலறையில் அதைப் போட்ட வேகத்தில் பர்னர் ஒன்று கழன்று மூலைக்கு உருண்டது. எடுத்து மாட்டவில்லை. ஊரை ஏமாற்ற வைத்த அடுப்புக்கு பர்னர் எதற்கு? ராத்திரிச் சோற்றுக்கு வீட்டுக்கார அம்மாவிடம்தான் ஸ்டவ் கேட்டு நிற்க வேண்டும்.

பூட்டுத் தொங்கிய பள்ளியைத் தாண்டும்போது ஆண்டாள் ஓடிவந்தாள். அவள் மகள் செந்தமிழ் மூன்றாவது படிக்கிறாள். தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அதுவும் வந்தது.

"அக்கா, வலை பின்ற எடத்துலேர்ந்து எல்லாம் கேட்டேங்க்கா. நல்லா நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேட்ட." ஆண்டாள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அங்க ரூம் எதுனா காலி இருக்குதாக்கா?"

சூர்யகலாவுக்குத் தணிந்திருந்த கோபம் மறுபடி திகுதிகுவென்று ஏறியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. செந்தமிழும் போய்விட்டால் இந்தப் பள்ளியில் இன்னும் ஒரு பிள்ளை குறையும். போகாதே, இங்கேயே இருந்து சண்டை போடு என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? அந்தச் சின்னப் பெண் பள்ளிச் சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்தபடி நின்றது. படிக்கிறதா, வெறுமனே பார்க்கிறதா என்று சூர்யகலாவுக்குத் தெரியும்.

"இருக்குதுடி, எங்க வீட்டுக்குப் பின்னாலயே" என்றாள். "வரும்போது அடுப்ப மட்டும் தூக்கினு வந்துடாத."